ஏழாம் அத்தியாயம் வரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் என் இரண்டு முழங்கால்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? பிள்ளைக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? அங்கே குளிர் விட்டதா இல்லையா?

நீ போன வருஷம் போட்டுக்கொடுத்த கருவியில்தான் இந்தக் கடிதத்தையும் தட்டுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, கண் தெரியாதவளுக்கு அது பெரிய சௌகரியம். எழுத்து மட்டும்தான், வேறு எந்த மினுக்கும் கிடையாது. திரையை வாசித்துக் காட்டுகிற குரலுக்கு வாயாடி என்று பேர் வைத்திருக்கிறேன். எதைத் தட்டினாலும் உடனே ஒப்பிக்கிறாள். தலைப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடு, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போடு, அப்புறம் எக்ஸ்போர்ட் கொடுத்தால் அச்சகத்துக்குப் போகிற மாதிரி பக்கம் பக்கமாக வந்து நிற்கும் என்றாய். வந்து நிற்கிறது, ஆனால் நொண்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் கோளாறு, தடித்த எழுத்து தடிக்கவில்லை. நட்சத்திரங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. வாயாடி 'நட்சத்திரம் டாக்டரம்மா நட்சத்திரம்' என்று வாசிக்கிறாள், ஏதோ சினிமாக்காரியை அறிவிப்பது மாதிரி.

இரண்டாவதுதான் பெரிது. ஏழாம் அத்தியாயம் வரவில்லை. என் கோப்பில் இருக்கிறது, வாயாடி வாசிக்கிறாள். எக்ஸ்போர்ட் கொடுத்ததும் ஆறுக்கு அடுத்தது எட்டு.

மார்ச் முடிவதற்குள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரியின் அறுபதாம் ஆண்டுக்காக நிர்வாகமே போடுகிறது. டெலிபோன் அறையில் ஒரு கிழவி காதால் கேட்டதையெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று பெரிய டாக்டருக்கு ஒரே குஷி. பக்கம் எப்படி வரவேண்டும் என்று நீ எழுதிக்கொடுத்த அமைப்புக் கோப்பை, 'அதை மட்டும் திறக்காதேக்கா, எல்லாம் கலைஞ்சுடும்' என்றாயே, சத்தியமாக நான் தொடவில்லை. என்ன கோளாறு என்று பார்த்து எழுது. பழகட்டும் என்று இனி எல்லாக் கடிதத்தையும் இப்படியே எக்ஸ்போர்ட் செய்துதான் மெயிலில் இணைத்து அனுப்பப் போகிறேன்.

உன் அக்கா

ஜனவரி 11

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், இவர் நலம், பிள்ளைக்கும் இப்போது பரவாயில்லை. குளிர் உயிரை வாங்குகிறது. முழங்காலுக்குத் தைலம் அனுப்பட்டுமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். நட்சத்திர விஷயம் சுலபம். நட்சத்திரத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறாய். ஒட்டிப் போடவேண்டும். ஒட்டினால் தடிக்கும்.

ஏழாம் அத்தியாயத்துக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டுப் பார். தலைப்பு, முந்தின பத்தியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கருவிக்கு அது தலைப்பு என்றே தெரியாது. அதிலும் வரவில்லை என்றால் கவலைப்படாதே, பதினொரு அத்தியாயமே தாராளம். இந்தக் காலத்தில் யார் அவ்வளவு படிக்கிறார்கள்?

உன் செல்லத் தங்கை

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நலம். தைலம் வேண்டாம், ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு தைலம் இல்லாமலா போகும்? உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நட்சத்திரம் சரியாகிவிட்டது. டாக்டரம்மா தடித்துவிட்டார். வெற்று வரி விட்டுப் பார்த்தேன். ஒன்று விட்டேன், இரண்டு விட்டேன், கோபத்தில் ஒரு கை நிறைய விட்டேன். ஆறுக்கு அடுத்தது எட்டுதான்.

பதினொன்று தாராளம் என்கிறாயே, அந்த ஏழுக்காகத்தான் மற்ற பதினொன்றையும் எழுதினேன். உனக்குத் தெரியாததில்லை. அம்மா செத்ததிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. 'ஒரு போன் பண்ணியிருந்தா பெத்தவ முகத்தைப் பார்த்திருப்பேனே, பாவி' என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வருகிறது. ஆனால் அச்சடித்த புத்தகம் எது கையில் கிடைத்தாலும் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால்தான் புத்தகம். நான் போன் பண்ணினேன் என்பது அவர் கண்ணில் ஒரு தடவை படவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அத்தியாயத்தில் ஏதாவது குறி தப்பாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அதிலிருந்து கொஞ்சம் கீழே ஒட்டுகிறேன். நிதானமாகப் படி.

'சாயங்காலம் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் டியூட்டியில் இருந்தேன். என் டெலிபோன் போர்டிலிருந்தே அண்ணன் வீட்டுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஐசியுவில வச்சிருக்காங்க, அண்ணனை உடனே வரச்சொல்லு" என்றேன். "அண்ணன் குளிக்கிறாரு, நான் சொல்லிடுறேன்" என்றாள். அம்மா மறுநாள் மத்தியானம்வரை இருந்தாள். வராந்தாவில் யார் நடந்தாலும் "பெரியவனா?" என்று கேட்டாள். அண்ணன் வரவில்லை. காலையில் மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை. போனை எடுத்தது யார் என்று இங்கே எழுதவில்லை. அண்ணி அப்போது பிள்ளை பெற்ற தன் தங்கையைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். வீட்டில் வேறு எந்தப் பெண் இருந்தாள் என்று அண்ணனுக்குத் தெரியும்.'

அன்றைக்கு நீ அண்ணன் வீட்டில்தான் இருந்தாய். மறுநாள் காலையில் உன்னை வெளிநாட்டு வேலை நேர்காணலுக்கு அவர் அழைத்துப் போகவேண்டியிருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் என்ன பிழை என்று பார்த்து எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், ஆபீஸில் தலைக்குமேல் வேலை. பிள்ளைக்கு வேறு காய்ச்சல் வந்து போனது. நீ நலம்தானே? சாப்பிடாமல் கிடக்காதே.

நீ அனுப்பினதைப் பார்த்தேன். குறிகளில் பிழை இல்லை. ஒவ்வொரு பத்தியும் மிக நீளம், பேச்சுக் குறிகள் அதிகம். இந்த மாதிரி இருந்தால் சில சமயம் கருவி திணறும். பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை.

தங்கையாக ஒன்று சொல்லட்டுமா? மற்ற அத்தியாயங்கள் ஜோராகப் போகின்றன. பிரசவ வார்டுக்குப் போட வேண்டிய போனைப் பிணவறைக்குப் போட்டு மாப்பிள்ளையை அலற வைத்தாயே, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நடுவில் எதற்குச் சொந்த விஷயம்? ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அண்ணனுக்கும் வயதாகிவிட்டது. அண்ணி காலமான பிறகு ஒற்றை ஆளாக இருக்கிறார். ஆறின புண்ணை எதற்குக் கீறவேண்டும்? ஏழாவதை விட்டுவிடு. எட்டை ஏழாக்கினால் யாருக்கும் தெரியாது.

உன் செல்லத் தங்கை

பிப்ரவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நலம் விசாரித்ததற்கும் நலம்.

கருவி திணறுகிறதா? சரி, அதன் திணறலைப் பார்த்துவிடுவோம் என்று ஏழாம் அத்தியாயத்தை மட்டும் வெட்டி ஒரு புதுக் கோப்பில் போட்டு, உன் அமைப்புக் கோப்பைச் சேர்க்காமல் எக்ஸ்போர்ட் கொடுத்தேன். நீளப் பத்தி, பேச்சுக் குறி எல்லாவற்றோடும் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. வாயாடி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். ஆக, பிழை அத்தியாயத்தில் இல்லை, உன் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அதில் ஏழாம் தலைப்பைத் தாண்டிப் போ என்று ஏதோ ஒரு வரி தெரியாத்தனமாக விழுந்திருக்கவேண்டும். தெரியாத்தனமாகத்தான்.

உனக்கு நேரமில்லை என்றால் சொல்லிவிடு. அச்சகத்தில் பக்கம் கட்டுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். அமைப்புக் கோப்பை அவளுக்கு அனுப்பி ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொல்கிறேன். வெளி ஆள் கையில் போகவேண்டாமே என்று பார்க்கிறேன். நீ படித்த படிப்புக்கு இது ஒரு வேலையா?

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். உன் முழங்கால்கள் சமாதானமாகிவிட்டனவா?

நீ சொன்னது சரி. பழைய வரி ஒன்று அமைப்புக் கோப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். பன்னிரண்டு அத்தியாயமும் வந்துவிட்டது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை இதோடு இணைத்திருக்கிறேன், வாயாடியை விட்டு முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேள், ஒரு எழுத்து குறைந்தாலும் என்னைக் கேள். அச்சகத்துக்கும் நானே நேராக அனுப்பிவிட்டேன். அவர்கள் பக்க அளவு, ஓரம் என்று ஏதாவது கேட்டால் எனக்கே எழுதச் சொல்லியிருக்கிறேன். கண் தெரியாத உன்னை எதற்கு அலைக்கழிக்கவேண்டும்? நீ நிம்மதியாக இரு.

உன் செல்லத் தங்கை

மார்ச் 15

என் கண்ணே சின்னவளே,

நலம், நலம், நலம். நேற்று முழுக்க உட்கார்ந்து கேட்டேன். ஆறு முடிந்ததும் வாயாடி 'ஏழு. அம்மா வந்த சாயங்காலம்' என்றாள். அங்கேயே நிறுத்தி மறுபடி ஒரு தடவை சொல்ல வைத்தேன். ஒரு வரி விடாமல் இருக்கிறது. 'பெரியவனா?' என்று அம்மா கேட்கிற இடம் வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன்னைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன். அதையெல்லாம் எழுதப் போவதில்லை, நீ மறந்துவிடு. படித்துப் பார்த்தும் அதை வரவைத்துக் கொடுத்தாயே, அது போதும் எனக்கு. வேறு ஒரு வார்த்தையும் நீ சொல்லவேண்டாம். நன்றியுரையில் 'பக்க வடிவமைப்பு: என் தங்கை' என்று சேர்க்கச் சொல்லி அச்சகத்துக்குத் தகவல் கொடுத்தாயிற்று.

முதல் பிரதி அண்ணனுக்குத்தான்.

உன் அக்கா

மே 20

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கவேண்டியது முறை, கேட்கிறேன்.

புத்தகம் வந்து மூன்று வாரமாகிறது. விழாவில் பெரிய டாக்டர் மேடையிலேயே அழுதாராம். ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா அத்தியாயத்தை அப்படி விட்டீங்களே, நெஞ்சை அடைச்சிருச்சு' என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொல்கிறாள்போல என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நேற்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது, பதினோரு வருஷத்துக்கப்புறம். என்னோடு போர்டில் உட்காருகிற பெண்ணை வாசிக்கச் சொன்னேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். 'படிம்மா, எதுவா இருந்தாலும் படி' என்றேன். படித்தாள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, உனக்கும் சொல்கிறேன்:

'புத்தகம் கிடைத்தது. ஏழாம் அத்தியாயத்துக்கு அம்மா வந்த சாயங்காலம் என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒன்பது பக்கம் வெறுமனே விட்டிருக்கிறாய். எழுத உன்னிடம் ஒன்றுமில்லை. போன் செய்தேன் என்று இத்தனை நாள் சாதித்தவளுக்கு, அச்சில் பொய் சொல்ல மனசு வரவில்லை. அந்த மட்டில் நல்லது. இனி எதுவும் அனுப்பாதே.'

அச்சகத்துக்குப் போன் போட்டேன். பக்கம் கட்டுகிற அம்மா, 'நான் அப்பவே கேட்டேனேம்மா. இத்தனை பக்கம் காலியா இருக்கேன்னு உங்க தங்கச்சிக்கு மெயில் போட்டேன். அக்கா விருப்பம், அம்மா ஞாபகமா அப்படியே விட்டுடுங்கன்னு பதில் வந்துச்சு' என்றாள். கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மௌஸை இழுத்துப் பார்த்தவள், 'ஐயய்யோ, இங்க எழுத்து இருக்கும்மா. வெள்ளையில இருக்கு. வெள்ளைத் தாளில வெள்ளை எழுத்து' என்றாள்.

வாயாடிக்கு எழுத்து தெரியும், நிறம் தெரியாது. எனக்கும் அப்படித்தான். என் காதிலேயே வாசித்துக் காட்ட வைத்து ஏமாற்றிவிட்டாயேடி. நீயெல்லாம் என்னோடு கூடப் பிறந்தவளா? நான் உனக்கு என்ன செய்தேன்? உன் பெயரை எழுதினேனா? அந்த அத்தியாயத்தில் எங்கேயாவது உன் பெயர் இருக்கிறதா?

பதில் எழுது.

அக்கா

ஜூன் 27

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும் என்று எப்போதும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவருக்கு வேலை மாற்றம், பிள்ளைக்குப் பரீட்சை, அதனால்தான் தாமதம்.

நீ கோபத்தில் எழுதினதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்தது ஒரு சின்ன மென்பொருள் கோளாறு. பழைய வரியை எடுத்தபோது அந்த அத்தியாயத்துக்குக் கருப்புத் திரைக்கான நிறம் ஒட்டிக்கொண்டது. கருப்புத் திரையில் எழுத்து வெள்ளையாகத்தான் இருக்கும். எங்களுக்கே ஆபீஸில் மாதத்துக்கு ஒரு தரம் இப்படி நடக்கும். அச்சகத்து மெயில் வந்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். என்ன கேட்டாள், என்ன எழுதினேன் என்று சரியாக நினைவில்லை.

பழசையெல்லாம் கிளறாதே அக்கா. நான் அன்றைக்கு நேர்காணல் பயத்தில் இருந்தேன், வீட்டில் யார் வந்தார், யார் போனார் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. உனக்கும் அந்தச் சமயத்தில் புத்தி ஒரு நிலையில் இருந்திருக்காது. எந்த நம்பரைப் போட்டாயோ, எவள் எடுத்தாளோ.

எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளப் பழகு. பிரதி வந்தது, பார்த்தேன். உனக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன்: கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒன்பது பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

உன் செல்லத் தங்கை

ஆகஸ்ட் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம். உன் வீட்டுக்காரருக்குப் புது இடம் பிடித்திருக்கிறதா? பிள்ளை பரீட்சை எப்படி எழுதினான்?

கோபமெல்லாம் போய்விட்டது. எத்தனை நாளைக்குத்தான் வைத்துக்கொண்டிருப்பது? அச்சகத்து அம்மாவின் புண்ணியத்தில் அமைப்புக் கோப்பை நானே திறந்துவிட்டேன். வாயாடி வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அவள் போனில் சொன்னாள். பயந்த மாதிரி ஒன்றும் கலையவில்லை. ஓரம், எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் இப்போது நானே மாற்றுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க என் கைவேலை. நீ சொல்லிக்கொடுக்காமல் விட்டதையும் கற்றுக்கொண்டேன் என்று வை.

ஆஸ்பத்திரியில் புது போர்டு வைக்கிறார்கள். பொத்தான்களைத் தடவித் தடவி விரல் தேய்கிறது. மழை பெய்து டெலிபோன் அறைச் சுவர் ஊறிப்போய் ஒரே பூஞ்சை நாற்றம்.

மீதியைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்ததும் செய்யவேண்டியதை உடனே செய்.

உன் அக்கா

ஆகஸ்ட் 5

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீ இப்படிப் பழையபடி எழுதவேண்டும் என்றுதான் நானும் காத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நல்ல மார்க் வாங்கிவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் எல்லாருமாகக் கடற்கரைக்குக் கிளம்புகிறோம். இரண்டு வாரம் தண்ணீரும் வெயிலும்தான். லேப்டாப், போன் எதையும் தொடக்கூடாது என்று இவர் கண்டிஷன். உனக்கு ஒரு சங்கு வாங்கி வருகிறேன், காதில் வைத்துக் கேள்.

அண்ணனுக்கு நேற்று போன் போட்டேன், எடுக்கவில்லை. போனை எங்கேயாவது வைத்துவிட்டு அக்கம்பக்கத்தில் கதை அளந்துகொண்டிருப்பார். திரும்பி வந்து பேசிக்கொள்கிறேன், அவசரமில்லை.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதே, உன் கைவேலையில் ஒரு சின்னக் குறை. மீதி கீழே என்கிறாய், கீழே ஒன்றுமில்லை. அரைப் பக்கம் காலி. பக்கத்தை முறிக்கிற குறி ஏதாவது சேர்ந்திருக்கும், கடைசியில் இருக்கிற வெற்று வரிகளை அழித்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் கொடு. பழகப் பழகச் சரியாகிவிடும்.

உன் செல்லத் தங்கை

ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

கடற்கரை எப்படி இருந்தது? எல்லாரும் நலமாகத் திரும்பினீர்களா?

நீ போனில் நிறைய முறை முயன்றாய் என்று என் போனில் இருக்கிற வாயாடி சொன்னாள். அண்ணன் வீட்டுப் பக்கத்தில் யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் எடுக்க மாட்டேன். எழுத்திலேயே சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3ஆம் தேதிக் கடிதத்தில் கீழே காலி என்றாயே, அதைத் திற. மௌஸை மேலிருந்து கீழே இழு. இப்படி இருக்கும்: 'அண்ணனுக்கு நேற்றுப் பக்கவாதம். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்கள். வாய் குழறுகிறது, ஆனால் ஆளைத் தெரிகிறது. உன்னைத்தான் கேட்கிறார். பத்து நாள் தாண்டுவது கஷ்டம் என்கிறார்கள். உடனே புறப்பட்டு வா.' ஒரு வரி விடாமல் இருக்கிறது. ஒரு எழுத்து குறைந்தாலும் என்னைக் கேள்.

தினமும் டியூட்டி முடிந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை விரட்ட அவருக்குக் கையும் எழவில்லை, வாயும் வரவில்லை. மூன்றாம் நாள் வாயாடியை அவர் காதருகில் வைத்து ஏழாம் அத்தியாயத்தை முழுக்க வாசிக்க வைத்தேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது என்று நர்ஸ் சொன்னாள். 'இந்த வியாதில அது தானாவே வரும்மா, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது' என்றும் அவளே சொன்னாள். வாசித்து முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணே, நான் போன் பண்ணினேன், கேட்டீங்களா?' என்றேன். அவர் குழறிக் குழறி, 'சின்னவ எங்க? அவளுக்குச் சொல்லிட்டியா?' என்றார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே செத்துப்போனேன். எல்லாம் கேட்ட பிறகும் அவருக்கு நீதான் வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் உனக்கு ஒரு போன் போட்டுவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அடிக்கவில்லை.

'சொல்லிட்டேண்ணே' என்றேன். பொய்யில்லையே.

கடைசிவரைக்கும் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தலையைத் திருப்பினாராம். பதினாலாம் தேதி போய்ச் சேர்ந்தார்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சின்னவளுக்குச் சொல்லவில்லையா என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், பழைய வழக்கத்தில். மூன்றாம் தேதியே சொன்னேன், பதிலும் வந்தது என்று கூடத்தில் வைத்து வாயாடியை உன் கடிதத்தை வாசிக்கவிட்டேன். பிள்ளையின் மார்க், கடற்கரை, தண்ணீர், வெயில், சங்கு, அண்ணன் போனை எடுக்காதது எல்லாம் வாசித்தாள். 'திரும்பி வந்து பேசிக்கொள்கிறேன், அவசரமில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே இருப்பது வெறும் எக்ஸ்போர்ட் சமாச்சாரம், அவர்களுக்கு எதற்கு?

பெரியப்பா மகன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு வருஷமாகச் சொந்தத்தில் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. இனி நீ யாருக்கு எதை எடுத்துச் சொன்னாலும் சொல்லிக்கொள். வெள்ளை எழுத்து, வெள்ளைத் தாள் என்றெல்லாம் சொல்லிப் பார். கண் தெரியாதவள் நிறத்தை மாற்றினாள் என்றால் யார் நம்புவார்கள்?

இந்தக் கடிதம் கருப்பில்தான் இருக்கிறது. அச்சகத்து அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளையை வெயிலில் விடாதே. இங்கே எல்லாரும் உன்னை விசாரித்தார்கள்.

அக்கா